திருவில்லிபுத்தூர்ப் பெரிய தேரும் துண்டுகளை இணைக்கும் மரவேலையும்

திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் பெரிய தேர், தமிழ்நாட்டின் மிகப் பெரிய மரத்தேர்களுள் ஒன்றாகும். ஆண்டுதோறும் ஆடி மாதப் பூர நாளில் ஆண்டாளும் ரங்கமன்னாரும் இத்தேரில் எழுந்தருளி வீதியுலா வருகின்றனர். பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே மலைபோல் தோன்றும் இத்தகைய தேர், உண்மையில் தனித்தனியாகச் செதுக்கி ஒன்றோடொன்று பொருத்தப்பட்ட எண்ணற்ற மரத்துண்டுகளின் தொகுப்பு. பெரிய மரச் சிற்ப வேலையைத் துண்டுகளாகச் செய்து இணைக்கும் கலையில் தமிழகத் தச்சர்கள் அடைந்த தேர்ச்சிக்குத் தேரே தலைசிறந்த சான்று.

ஊரும் தேரும்

திருவில்லிபுத்தூர் விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தை ஒட்டி அமைந்துள்ளது. பட்டாசுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற சிவகாசி இதன் கிழக்கே உள்ளது. 1985 வரை இப்பகுதி பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பன்னிரு ஆழ்வார்களுள் பெரியாழ்வார், ஆண்டாள் ஆகிய இருவரும் தோன்றிய தலம் இது. 11 நிலைகளைக் கொண்ட இக்கோயிலின் கோபுரமே தமிழ்நாடு அரசின் சின்னத்தில் இடம்பெற்றுள்ளது எனப் பலரும் கருதுகின்றனர்.

கோபுரம் நின்ற இடத்திலேயே நிற்பது. தேரோ ஊரைச் சுற்றி நகரவேண்டியது. கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பும் வடிவத்தை மரத்தில் செய்து, அதைச் சக்கரத்தின்மேல் ஏற்றி, வீதியின் மேடு பள்ளங்களில் உடையாமல் இழுத்து வருவதே தேர்த்தச்சர்கள் எதிர்கொண்ட சிக்கல். இதற்கு அவர்கள் கண்ட விடைதான் இணைப்பு முறை.

ஏன் துண்டு துண்டாக?

முதல் காரணம் மரத்தின் அளவு. எவ்வளவு பெரிய மரமானாலும் அதன் அடிமரத்தின் அகலத்துக்கு மேல் ஒரே பலகை கிடைக்காது. இரண்டாவது காரணம் மரத்தின் இயல்பு. வெட்டி உலர்த்திய பின்னரும் மரம் ஈரக்காற்றில் உப்பும். வறண்ட காற்றில் சுருங்கும். இந்த மாற்றம் மரத்தின் நீளவாக்கில் மிகக் குறைவு, அகலவாக்கில் அதிகம். மிக அகலமான பலகையை அசைய இடமின்றி இறுக்கி அறைந்தால் அது வெடிக்கும். சிறு பலகைகளாகப் பிரித்து, சிறிதளவு அசைய இடம்விட்டுப் பொருத்தினால் வெடிப்பு தவிர்க்கப்படும். மழை குறைந்த வறண்ட தட்பவெப்பமே சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்கள் வேரூன்றத் துணைசெய்தது. அதே வறட்சி மரத்தைச் சுருக்கி இணைப்புகளைத் தளரச் செய்யும் என்பதால், இவ்வூர்த் தச்சருக்கு இது கூடுதல் கவனம் தேவைப்படும் இடமாகும்.

மூன்றாவது காரணம் ஓட்டம். தேர் நகரும்போது குலுங்கும், சாயும், திருப்பத்தில் முறுக்கப்படும். முற்றிலும் விறைப்பான கட்டுமானம் இந்த விசையைத் தாங்காமல் ஏதேனும் ஓரிடத்தில் முறியும். நூற்றுக்கணக்கான இணைப்புகள் உள்ள கட்டுமானத்தில் ஒவ்வோர் இணைப்பும் சிறிது சிறிதாக அந்த விசையை வாங்கிக்கொள்ளும். நான்காவது காரணம் பழுது. ஒரு பலகை உளுத்தால் அதை மட்டும் கழற்றி வேறொன்றை வைக்கலாம். தேர் முழுவதையும் அழிக்க வேண்டியதில்லை.

அடுக்குகள்

மரத்தேர் கீழிருந்து மேலாக அடுக்கடுக்காக எழுகிறது. திருவாரூர் ஆழித்தேரில் இவ்வடுக்குகள் பூதப்பார், சிறு உறுதளம், பெரிய உறுதளம், நடகாசனம், விமாசனம், தேவாசனம், சிம்மாசனம் என ஏழாகச் சொல்லப்படுகின்றன. ஊருக்கு ஊர் அளவும் பெயரும் சற்று மாறினாலும் அமைப்பின் அடிப்படை ஒன்றே. அடியில் சக்கரங்களும் அச்சுகளும். அவற்றின்மேல் பருமனான உத்தரங்கள் குறுக்கும் நெடுக்குமாக அமைந்த சட்டகம். அதன்மேல் சிற்ப அடுக்குகள். மேலே செல்லச் செல்ல அடுக்குகள் வெளிப்புறமாக விரிவதால், தேர் மலர்ந்த தாமரைபோல் தோற்றம் தருகிறது. வெளியே நீளும் பகுதிகளை யாளி, குதிரைவீரன் முதலிய வடிவங்களில் செதுக்கிய சாய்வுக் கட்டைகள் தாங்குகின்றன. இவை அழகுக்காக மட்டும் வைக்கப்பட்டவை அல்ல. பாரத்தைச் சட்டகத்துக்குக் கடத்தும் உறுப்புகள்.

இணைக்கும் முறை

தேருக்கு இலுப்பை, தேக்கு, வேங்கை போன்ற மரங்கள் பயன்படுகின்றன. கனமும் உறுதியும் கொண்ட இலுப்பை தேர்வேலைக்குப் பெரிதும் விரும்பப்படும் மரம்.

ஒரு மரத்தின் முனையை நாக்குப்போல் செதுக்கி, மற்றொரு மரத்தில் வெட்டிய துளைக்குள் செலுத்துவது அடிப்படை இணைப்பு. இரண்டு உத்தரங்கள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில், இரண்டிலும் பாதிப் பாதி ஆழம் வெட்டிப் பொருத்தினால் இரண்டின் மேற்பரப்பும் ஒரே மட்டமாக அமையும். பலகைகளின் ஓரத்தில் காடி வெட்டி, அடுத்த பலகையின் விளிம்பை அதில் நுழைப்பது இன்னொரு முறை. செலுத்திய நாக்கு வெளியே வராமலிருக்கக் குறுக்கே மர ஆணியோ ஆப்போ அடிக்கப்படும். பாரம் மிகுந்த இடங்களில் இரும்புப் பட்டைகளும் திருகாணிகளும் துணைக்கு வருகின்றன.

சிற்பப் பலகைகளைத் தரையில் வைத்துச் செதுக்கி முடித்த பின்னரே தேரில் பொருத்துவர். இதனால் ஒரே நேரத்தில் பலர் பல பலகைகளில் வேலை செய்ய முடிகிறது. ஆனால் இதற்கு முன்கணக்கு வேண்டும். ஒரு தூணோ பூவேலையோ இரண்டு பலகைகளில் தொடர்ந்து செல்வதாக இருந்தால், இரண்டும் சேரும் இடத்தில் கோடு விலகக்கூடாது. உருவத்தின் முகத்தின் மீது இணைப்புக் கோடு விழக்கூடாது. எனவே முழு அளவில் வரைந்து, எந்த இடத்தில் பிரிப்பது என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். இராமாயண, பாரதக் காட்சிகளும் திருமாலின் அவதாரங்களும் தனித்தனிக் கட்டங்களாக அமைவதற்கு இந்தத் தேவையும் ஒரு காரணம் எனலாம். ஒவ்வொரு கட்டமும் ஒரு கதை. ஒவ்வொரு கட்டமும் ஒரு துண்டு.

சக்கரம்

தேரின் உறுப்புகளில் மிகக் கடினமானது சக்கரம். புறநானூற்றின் 87-ஆம் பாடலில், அதியமானின் வலிமைக்கு ஔவையார் தேர்ச்சக்கரத்தை உவமையாக்குகிறார். ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த சக்கரம் அது. போர்த்தேர் வேறு, கோயில் தேர் வேறு. ஆயினும் சக்கரத்துக்குத் தனி உழைப்பு வேண்டும் என்பதைச் சங்ககாலத்தவரே அறிந்திருந்தனர் என்பதற்கு இது சான்று.

திருவில்லிபுத்தூர்த் தேரை இழுத்து நிலைக்குக் கொண்டுவர முற்காலத்தில் பல நாட்கள் ஆயின. பிற்காலத்தில் நவீனச் சக்கர அமைப்பும், பின்னிருந்து தள்ளும் புல்டோசரும் வந்த பின்னர் சில மணி நேரத்திலேயே தேரோட்டம் நிறைவடைகிறது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் இரும்பு அச்சும் நீரியல் தடையும் அமைத்துத் தந்தது. சக்கரம் மாறியபோதும் மேலிருந்த மரச் சிற்பங்கள் மாறவில்லை. பகுதிகளாகச் செய்யப்பட்டதால்தான் இந்த மாற்றம் இயன்றது.

மேற்பகுதி

திருவிழாவில் காணும் தேரின் முழு உயரமும் மரச் சிற்பமன்று. ஏறக்குறைய 96 அடி உயரம் கொண்ட ஆழித்தேரில் நிலையான மரப்பகுதி 30 அடி அளவினதே. மீதி, மூங்கில்களாலும் கம்புகளாலும் கட்டித் தேர்ச்சீலைகளும் தொம்பைகளும் தொங்கவிட்டு, உச்சியில் கலசம் வைத்து ஆண்டுதோறும் புதிதாக எழுப்பப்படுவது. திருவிழா முடிந்ததும் இது பிரிக்கப்படும்.

இந்தத் தற்காலிக இணைப்பில் கவனக்குறைவு உயிரைப் பறிக்கும். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில், தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் உயிரிழந்தனர். தேரோட்டத்துக்கு முன் பொதுப்பணித்துறையினர் தேரின் உறுதியைச் சோதித்துச் சான்றளிப்பதும், வீதியில் மின்சாரத்தை நிறுத்துவதும் வெறும் சம்பிரதாயம் அல்ல என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

புதுப்பித்தலின் இரு வழிகள்

ஒடிசாவின் பூரி ஜகந்நாதர் கோயிலில் மூன்று தேர்களும் ஆண்டுதோறும் புதிதாகச் செய்யப்படுகின்றன. ஜகந்நாதரின் நந்திகோஷத் தேருக்கு 16 சக்கரங்களும் 832 மரத்துண்டுகளும் என்பது மரபான கணக்கு. அங்கே தேர் நிலைப்பதில்லை. தேர் செய்யும் அறிவு ஆண்டுதோறும் பயிற்சி பெறுவதால் அதுவே நிலைக்கிறது.

தமிழ்நாட்டில் நிலைமை நேர்மாறானது. இங்கே தேர் தலைமுறைகளைக் கடந்து நிற்கிறது. ஆனால் பெரிய தேர் செய்யும் வாய்ப்பு ஒரு தச்சரின் வாழ்நாளில் ஓரிருமுறை கிடைத்தாலே அரிது. 1926-இல் திருவாரூர் ஆழித்தேர் தீயில் எரிந்தபோது, புதிய தேர் செய்து 1930-இல் ஓட்ட முடிந்தது. வேலை தெரிந்த தச்சர்கள் அன்று இருந்ததே அதற்குக் காரணம். உலர்ந்த மரமும் துணியும் எளிதில் தீப்பற்றக் கூடியவை. எந்தத் தேருக்கும் அத்தகைய இழப்பு நேரலாம்.

எனவே பழுதுபார்க்கும் காலமே அறிவைக் கைமாற்றும் காலமாகிறது. தேரைப் பிரிக்கும்போது எந்தத் துண்டு எந்த இடத்துக்குரியது என எண்ணிட்டுக் குறிப்பதும், இணைப்பின் அளவுகளை வரைந்து வைப்பதும், கழற்றிய பழைய சிற்பத்தை விறகாக்காமல் காப்பதும் இன்றியமையாதவை. நாக்கும் துளையும் இருந்த இடத்தில் வேலை எளிதாகும் என்று திருகாணியை மட்டும் முடுக்கினால், அடுத்த தலைமுறைத் தச்சர் பார்த்துக் கற்க அங்கே எதுவும் மிஞ்சாது. பெரம்பலூர் மாவட்டத்தின் அரும்பாவூர் மரச்சிற்பங்கள் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றன. செதுக்கும் கலைக்கு இவ்வாறு ஏற்பு கிடைத்துள்ளது. சிற்பத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் இணைப்பு வேலைக்கும் அதே அளவு கவனம் தேவை. தேரை நிற்கச் செய்வதும் நகரச் செய்வதும் அந்த வேலையே.