கொல்லைப்புறம் வழியாக ஒரு ஆறு!

அணை என்றால் எப்படி இருக்கும்? ஆற்றுக்குக் குறுக்கே ஒரு சுவர், சுவரில் மதகு. திறந்துவிட்டால் தண்ணீர் ஆறு போன வழியிலேயே முன்பக்கமாகப் போகும். மேட்டூர் அப்படி, வைகை அப்படி. முல்லைப் பெரியாறு மட்டும் ஏறுக்கு மாறு! சுவர் ஒரு பக்கம் நிற்கிறது. பாசனத் தண்ணீரோ ஏரியின் கொல்லைப்புறம் வழியாக, மலையைக் குடைந்த குகைக்குள் புகுந்து கம்பம் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆற்றை, 'இந்தப் பக்கம் வாப்பா' என்று கையைப் பிடித்துக் கிழக்கே இழுத்த வேலை.

இந்த விநோத டிசைனுக்கு ஆன செலவு தகுமா? பி.காம். படித்தவன் கண்ணுக்கு முதலில் கணக்குப் புத்தகம்தான் தெரியும்.

யோசனை என்னவோ வெள்ளைக்காரனுடையது அல்ல. 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, ஆட்களை மலைக்கு அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். செய்யலாம், ஆனால் பணத்துக்கு எங்கே போவது? அத்தோடு நின்றது. 1808-ல் கேப்டன் கால்டுவெல் வந்து பார்த்துவிட்டு, வெறும் கற்பனை என்று எழுதிவைத்துப் போனார். 1850-ல் சின்னதாக ஆரம்பித்த வேலை, காய்ச்சலிலும் கூலித் தகராறிலும் படுத்தது. 1867-ல் மேஜர் ரைவ்ஸ் என்பவர் 162 அடி உயர மண் அணைக்குப் போட்ட எஸ்டிமேட் பதினேழரை லட்சம் ரூபாய்.

அப்புறம் வந்தது 1876-78 தாது வருஷப் பஞ்சம். ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்த பிறகுதான் கஜானாவின் பூட்டு கொஞ்சம் இளகியது. 1882-ல் திட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பு பென்னிகுவிக் கைக்கு வந்தது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூரோடு குத்தகை ஒப்பந்தம். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், 999 வருஷம்! மறுவருஷம் வேலை ஆரம்பம்.

சிமென்ட் கிடையாது. சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சுர்க்கிதான். அடித்தளம் போட ஆற்றை ஒதுக்கினால், தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போனது. நோயில் மட்டும் 483 பேர் போனார்கள். அணைக்குப் பக்கத்திலேயே அவர்களைப் புதைத்தார்கள். பெண்டாட்டி நகையை விற்று பென்னிகுவிக் அணையை முடித்தார் என்று தேனிப் பக்கம் உருகி உருகிச் சொல்வார்கள். அந்த மனுஷன் மேல் ஜனங்களுக்கு அவ்வளவு பிரியம். பாலார்பட்டியில் அவர் பிறந்தநாளான ஜனவரி 15-ல் அவர் பெயரைச் சொல்லித்தான் பொங்கல் வைக்கிறார்கள். ஆனால் லட்சக்கணக்கில் விழுங்கிய அணை, எத்தனை பவுன் நகைக்கு அடங்கும்? பணம் அரசாங்கத்துப் பணம்.

1895 அக்டோபர் 10-ல் கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். ஆன செலவு 85 லட்சம் என்கிறது ஒரு கணக்கு. 1935-ல் வந்த ராணுவப் பொறியாளர்களின் வரலாறு ஒரு கோடியே 4 லட்சம் என்கிறது. எந்தக் கணக்கை எடுத்தாலும் ரைவ்ஸ் சொன்னதைப் போல ஐந்தாறு மடங்கு.

சரி, வரவு? தேனியிலிருந்து ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டங்களில் சுமார் 2 லட்சம் ஏக்கர் பாசனம். கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு போகம் நெல். போதாததற்கு, அந்தத் தண்ணீர் மலையிலிருந்து விழுகிற வேகத்திலேயே லோயர் கேம்ப்பில் மின்சாரம். குமுளி ரோட்டில் ஏறும்போது மலையில் படுத்திருக்கும் நாலு ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பீர்களே, அதற்காகத்தான். குத்தகை 1970-ல் ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. அப்படியும் வருஷத்துக்கு இரண்டரை லட்சம் சொச்சம்தான். மின்சாரத்துக்குத் தனிக் கட்டணம் உண்டென்றாலும், கம்பத்துக்காரரைப் பொறுத்தவரை இதைவிட லாபமான முதலீடு தென்தமிழ்நாட்டில் இல்லை என்றே சொல்வேன்.

ஆனால் இந்தப் புத்தகத்தில் ஏறாத செலவு ஒன்று இருக்கிறது. அது கொல்லைப்புற வாசலின் படி.

தண்ணீர் வெளியேறும் வழி 104 அடி மட்டத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே கிடக்கும் 5 டி.எம்.சி. தண்ணீர் ஒரு நெற்பயிருக்கும் உதவாது. தேக்கடியில் படகு விடலாம், யானை குடிக்கலாம். 152 அடி நிரம்பினால் கொள்ளளவு பதினைந்தரை டி.எம்.சி.; அதில் நமக்குப் பயன்படுவது பத்தரைதான். குகையை இன்னும் கீழே போட்டிருந்தால் நீளம் கூடியிருக்கும், செலவும் கூடியிருக்கும். விட்டுவிட்டார்கள். அன்றைக்கு அது சிக்கனம்.

1979 ஆகஸ்டில் குஜராத்தில் மச்சு அணை உடைந்து ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். கேரளத்தில் பயம் பிடித்தது. அணையைப் பலப்படுத்தும் வரை 136 அடி போதும் என்று முடிவானது. 104 வரை கையே வைக்க முடியாது, 136-க்கு மேல் தேக்கக் கூடாது என்றால் நடுவில் மிஞ்சுவது 6 டி.எம்.சி. சொச்சம். ஏரி மேலே போகப் போக விரிவதால், 136-க்கும் 142-க்கும் இடைப்பட்ட வெறும் 6 அடியில் ஒன்றரை டி.எம்.சி. இருக்கிறது. இரண்டு மாநிலமும் அடிக்கணக்கில் மல்லுக்கட்டியதற்கு இந்தப் படிதான் காரணம். எடுக்க முடியாத அந்த 5 டி.எம்.சி.யும் சுவரின் மேல்தானே சாய்ந்து நிற்கிறது! வண்டிப்பெரியாற்றுக்காரருக்கு அதில் ஒரு சொட்டு லாபமும் இல்லை, மழைக்காலத்தில் தூக்கம்தான் இல்லை. அந்தப் பயத்தை அரசியல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனசு வரவில்லை.

2012-ல் நீதிபதி ஆனந்த் தலைமையிலான குழு அணை பத்திரமாக இருக்கிறது என்றது. கூடவே இன்னொன்றும் சொன்னது. 50 அடி மட்டத்தில் புதிதாக ஒரு குகை தோண்டினால், அவசரத்தில் ஏரியை அந்த அளவுக்கு இறக்கிவிடலாம். அதாவது, 1887-ல் மிச்சம் பிடித்த செலவை இப்போதாவது செய்யுங்கள் என்று அர்த்தம். 142 அடி தேக்கலாம் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2014 மே 7-ல் வந்தது. அந்த நவம்பரிலேயே தண்ணீர் 142-ஐத் தொட்டது. கம்பத்தில் பட்டாசு வெடித்தார்கள். குகையைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை.