வளவுக்குள் ஒரு குழி

‘சுருங்கை’ என்றொரு பழஞ்சொல் தமிழில் உண்டு. நிலத்தடி வழி என்பது அதன் பொருள். சிலப்பதிகாரத்தில் மதுரையைக் காணச் செல்லும் கோவலன், யானைக் கூட்டம் போகத்தக்க சுருங்கையைக் கடந்தே நகருக்குள் நுழைகிறான். கட்டடக்கலை என்றதும் நாம் கோபுரத்தையும் மினாராவையும் அண்ணாந்து பார்க்கிறோம். இன்று சற்றுக் குனிந்து, வீட்டு வளவுக்குள் மனிதன் தோண்டிய ஒரு குழியைப் பார்ப்போம்.

வானத்திலிருந்தும் சாவு வரும் என்பதை நமது கிழக்குக் கரை 1942 ஏப்ரல் 9இல் அறிந்தது. அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. மட்டக்களப்புக் கடலில் ‘ஹேர்மிஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. 307 பேர் மாண்டனர்.

அக்காலத்தில் பிரித்தானியாவின் வீட்டுத் தோட்டங்களில் ‘அண்டர்சன்’ காப்பிடங்கள் இருந்தன. முன்னர் வங்காள ஆளுநராயிருந்து, பின்னர் குடிகாப்புக்குப் பொறுப்பேற்ற சேர் ஜோன் அண்டர்சனின் பெயரே அதற்கு இடப்பட்டது. நெளிதகரங்களை வளைத்துப் பூட்டி, நான்கடி ஆழக் குழியில் இறக்கி, மேலே பதினைந்து அங்குல மண் போடவேண்டும். உயரம் ஆறடி, நீளம் ஆறரை அடி, அகலம் நாலரை அடி. அதற்குள் ஆறு பேர். ஆண்டு வருமானம் 250 பவுணுக்குக் குறைந்தோருக்கு அரசு இலவசமாகவே கொடுத்தது. 35 இலட்சத்துக்கும் மேற்பட்டவை வழங்கப்பட்டன.

1980களிலிருந்து 2009 வரை வடக்கிலும் கிழக்கிலும் நம்மவர் தோண்டிய ‘பங்கருக்கு’ வரைபடமும் இல்லை, தகரம் கொடுக்க அரசும் இல்லை. வீட்டுக்காரரே சிற்பி. பனங்குற்றியோ தென்னங்குற்றியோ குறுக்கே அடுக்கி, மணல் நிரப்பிய உரப்பைகளை அதன்மேல் பரப்பி, மண்ணால் மூடினார்கள். பலர் அதனை ‘ட’ வடிவில் வெட்டினர். குண்டுச் சிதறல் நேர்கோட்டில் பாயும்; வளைவு அதைத் தடுத்துவிடும். அரிச்சுவடியில் படித்த எழுத்தே உயிர் காக்கும் வடிவமாயிற்று.

இரண்டுக்கும் எதிரி ஒன்றுதான்: தண்ணீர். அண்டர்சன் காப்பிடத்திலும் மழைநீர் தேங்கியது. நமது கரையோர மணலிலோ சில அடி தோண்டினாலே ஊற்று வந்துவிடும். மாரியில் குழிக்குள் முழங்கால் நீர். பாம்புக்கும் அதுவே புகலிடம்.

2009இல் முள்ளிவாய்க்கால் கடற்கரையில் குற்றிகளும் கிடைக்கவில்லை. பெண்கள் தம் சேலைகளைக் கிழித்துப் பை தைத்து மணல் நிரப்பினார்கள். அதைவிட மெல்லிய மதிற்சுவரை எந்தக் கட்டடக்கலை நூலிலும் காணமுடியாது.

அண்டர்சன் காப்பிடங்கள் பல பிரித்தானியத் தோட்டங்களில் மண்வெட்டி வைக்கும் கொட்டில்களாக இன்றும் நிற்கின்றன. இரும்பு நிலைத்தது. நமது குற்றிகள் உக்கின, குழிகள் தூர்ந்தன, அவற்றின்மேல் வாழையும் முருங்கையும் நிற்கின்றன. எஞ்சியிருப்பது சொல் மட்டுமே. கவிஞர் பா. அகிலன் 2000இல் வெளியிட்ட தம் தொகுதிக்குப் ‘பதுங்குகுழி நாட்கள்’ என்றே பெயரிட்டார்.

கவிதை அச்சத்தைக் காத்துத் தரும். அளவைக் காத்துத் தராது. எத்தனை அடி ஆழம், எத்தனை குற்றி, எத்தனை பேர், எந்தப் பக்கம் வாசல் என்பதெல்லாம் தோண்டிய கைகளுக்கே தெரியும். அந்தக் கைகள் முதுமையடைந்துவிட்டன. தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே யுத்த நினைவைச் சுமக்கும் இக்கரையில், தோண்டியவர் எவராயினும் அவரிடம் கேட்டு, ஒரு பாடசாலைக் கொப்பியிலாவது எழுதிவைப்போம். குழி தூர்ந்தாலும் கணக்குத் தூரக்கூடாது.