வல்லம் வட்டாரப் பள்ளிகளில் பெற்றோர் அமைப்புகளின் வரவும் செலவும்

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக் கோட்டையை அடுத்துள்ள வல்லம் ஊராட்சி ஒன்றியத்தின் அரசுப் பள்ளிகளில் பெற்றோர் பெயரால் இரண்டு அமைப்புகள் உள்ளன. ஒன்று பெற்றோர் ஆசிரியர் கழகம். ஊர் வழக்கில் பி.டி.ஏ. மற்றொன்று பள்ளி மேலாண்மைக் குழு. ஆசிரியர் வாயில் எஸ்.எம்.சி. கழகம் ஊரிடம் கேட்டுத் திரட்டும். குழு, அரசு தரும் பணத்தைச் செலவழித்துக் கணக்குச் சொல்லும். தமிழகம் முழுவதும் இதுவே ஏற்பாடு என்றாலும், சிறிய கிராமப் பள்ளிகளைக் கொண்ட வல்லம் போன்ற வட்டாரங்களில் இரண்டிலும் பெரும்பாலும் அதே பத்துப் பேரே இருப்பார்கள். அதனால் எந்தப் பணம் எந்தக் கணக்கு என்ற குழப்பம் இங்கே எளிதில் வந்துவிடுகிறது. (தஞ்சாவூரை அடுத்த வல்லம் வேறு ஊர்.)

முன்வரலாறு

பள்ளிக்கு ஊர் படியளப்பது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. இதே மாவட்டத்து எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்த கல்லூரிக்கு ஊர்ச்சபை நிலம் ஒதுக்கியதையும், யாருக்கு எவ்வளவு நெல் என்பதையும் பதிவுசெய்திருக்கிறது. வரவு செலவைக் கல்லில் வெட்டி வைத்தவர்கள் அவர்கள். ஆனால் அது வேதக் கல்லூரி. ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் நுழையக்கூடிய இடமல்ல. எல்லோருக்குமான பள்ளிக்கு எல்லோரும் கொடுப்பது என்ற வழக்கத்துக்கு விருதுநகரைத்தான் பார்க்க வேண்டும். 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலையை நாடார் உறவின்முறை தன் மகமைப் பணத்தாலும், வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடி அரிசியாலும் நடத்தியது. காமராசர் படித்த பள்ளி அது.

அவர் முதலமைச்சரானபோது அதே முறை மாநிலத்துக்கே விரிந்தது. 1956-இல் தொடங்கிய மதிய உணவு முதலில் ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசியிலும் காசிலும்தான் நடந்தது. அரசு மானியம் பிறகே வந்தது. பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு 1958-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாட்டைத் தொடங்கிவைத்தார். அதன் நடைமுறை எளிமையானது. பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று ஆசிரியர்கள் முன்கூட்டியே பட்டியல் எழுதுவார்கள். மாநாட்டு மேடையில் ஒவ்வொன்றையும் யார் தருகிறார் என்று பெயர் சொல்லி அறிவிப்பார்கள். நிலம், கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், சீருடை எனப் பெரும்பாலும் பொருளாகவே வந்தன. வல்லமும் செஞ்சியும் அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. அங்கும் இம்மாநாடுகள் நடந்தன.

இந்த அலை ஓய்வதற்குள், 1964-இல் தமிழ்நாடு மாநிலப் பெற்றோர் ஆசிரியர் கழகம் உருவானது. சென்னை கல்லூரிச் சாலையில் உள்ள கல்வித்துறை வளாகத்திலிருந்து இயங்கும் இக்கழகத்தைப் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய எவருக்கும் தெரியும். அதன் வினா வங்கிப் புத்தகத்தை வாங்காமல் தேர்வுக்குப் போனவர்கள் குறைவு. அந்தப் புத்தக விற்பனை மாநிலக் கழகத்தின் வருவாய் வழிகளில் ஒன்று. வேறெந்த நாட்டுப் பெற்றோர் சங்கமும் மாதிரி வினாத்தாள் விற்றுப் பெயர் வாங்கியிருக்குமா என்பது சந்தேகமே. 1897-இல் வாஷிங்டனில் தாய்மார்கள் மாநாடாகக் கூடி, பின்னர் அமெரிக்கத் தேசியப் பெற்றோர் ஆசிரியர் சங்கமாக வளர்ந்த அமைப்பின் உள்ளூர்க் கிளைகள் கேக் விற்றும் திருவிழா நடத்தியும் பணம் சேர்க்கின்றன.

வரவு

பள்ளிக் கழகத்தின் வழக்கமான அமைப்பில் தலைவர் ஒரு பெற்றோர். செயலாளர் தலைமை ஆசிரியர். வங்கிக் கணக்கு கூட்டுக் கையொப்பத்தில் இருக்கும். தலைவர் பதவிக்குப் பல ஊர்களில் கட்சிப் போட்டி உண்டு, ஆட்சி மாறினால் தலைவரும் மாறுவார் என்பது கிராமத்தில் யாரும் மறைத்துப் பேசாத செய்தி. அதில் ஒரு பயனும் இருக்கிறது: ஒன்றிய அலுவலகத்திலும் சட்டமன்ற உறுப்பினரிடமும் பேசக்கூடியவர் பள்ளிக்குக் கிடைக்கிறார். சேதமும் உண்டு. பிள்ளை படித்து முடித்துப் பல ஆண்டுகள் ஆனவர்கள் பெற்றோர் என்ற பெயரில் நாற்காலியில் தொடர்வது அதில் முதன்மையானது.

கழகத்தின் பணம் உறுப்பினர் சந்தா, நன்கொடை, ஆண்டு விழாவையொட்டிய வசூல், கடை வைத்திருப்போரும் அரிசி ஆலை நடத்துவோரும் தருவது என்று வரும். இதில் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, சேர்க்கையின்போது நன்கொடை வாங்குவதைத் தடைசெய்கிறது. மீறினால் வாங்கிய தொகையைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம். பள்ளி அறிவித்த கட்டணத்தைத் தவிர வேறு எந்தப் பெயரில் கேட்டாலும் அது நன்கொடைதான் என்று அச்சட்டம் விளக்கம் தருகிறது. ஆகவே சேர்க்கை விண்ணப்பம் கொடுக்கும் மேசையில் கழக ரசீதுப் புத்தகம் இருந்தால், அது விருப்பச் சந்தா என்ற வாதம் நிற்காது. கூலி வேலைக்குப் போகும் தாய், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் விருப்பமில்லை என்று சொல்லப்போவதில்லை.

மேலாண்மைக் குழுவின் வரவு வேறு. சமக்ர சிக்ஷா திட்டத்தின் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கைப்படி வருகிறது: 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, ஆயிரம் வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். அறுபது பிள்ளைகள் படிக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிடைக்கும் 25,000-இல் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு என்பது விதி. மீதி 22,500, மாதத்துக்கு 1,875 ரூபாய். சாக்பீஸ், பதிவேடு, மின்விசிறிப் பழுது, குழாய், குடியரசு தின மிட்டாய் எல்லாம் அதற்குள். பணம் கல்வியாண்டின் பிற்பகுதியில் வந்து சேரும் ஆண்டுகளில் தலைமை ஆசிரியர் முதலில் கைப்பணத்தைப் போட்டுவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்வார். 2024-25-இல் தமிழக அரசு பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் சேராததையொட்டி ஒன்றிய அரசு தமிழகத்துக்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தது. அந்தச் சண்டை தில்லிக்கும் சென்னைக்கும் இடையில் நடந்தாலும், திட்டத்தின் கடைசி மடை இந்த 1,875 ரூபாய்தான்.

கட்டடம், சுற்றுச்சுவர் போன்ற பெரிய வேலைகளுக்கு இரண்டு அமைப்பும் போதாது. அதற்கு நமக்கு நாமே திட்டம் இருக்கிறது: செலவில் மூன்றில் ஒரு பங்கை ஊர் கட்டினால் மீதியை அரசு போடும். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியும் ஒரு வழி. 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி அமைப்பு, நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் குறிப்பிட்ட பள்ளியின் பெயரைச் சொல்லியே பணம் தர வழிசெய்தது, டி.வி.எஸ். குழுமத்தின் வேணு சீனிவாசன் அதன் தலைவர், விசுவநாதன் ஆனந்த் விளம்பரத் தூதர். தொழிற்சாலை சூழ்ந்த பள்ளிக்கு இது கைகொடுக்கும். நெல்லும் மணிலாவும் பயிரிடும் ஒன்றியத்தில், வெளியூர் போய்ப் பிழைக்கும் பழைய மாணவர் யாராவது நினைத்தால்தான் உண்டு.

கல்விச் சீர்

ஏறக்குறைய 2017 முதல் தமிழகக் கிராமங்களில் பரவிய வழக்கம் இது. தாய்மாமன் சீர் கொண்டுவருவதுபோலவே, ஊர்க்காரர்கள் பீரோ, நாற்காலி, தண்ணீர்க் குடம், தட்டு, மின்விசிறி, நோட்டுப் புத்தகம், துடைப்பம் வரை தாம்பாளத்தில் வைத்து, மேளதாளத்தோடு தெருவெல்லாம் சுற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பள்ளி வாசலில் ஆசிரியர்கள் ஆரத்தி எடுத்து வரவேற்பார்கள். கடம்பத்தூர் மாநாட்டின் மேடை அறிவிப்பு தெரு ஊர்வலமாக மாறியிருக்கிறது என்று சொல்லலாம்.

ரொக்கமாக 500 ரூபாய் கேட்டால் தயங்கும் வீடு, நான்கு வீட்டோடு சேர்ந்து மின்விசிறி வாங்கித் தரச் சட்டென்று ஒத்துக்கொள்வது ஏன் என்பதை இந்த ஊர்வலம் காட்டுகிறது. பணம் கொடுத்தால் கணக்குக் கேட்க வேண்டும். கேட்டால் தலைமை ஆசிரியர் மீது சந்தேகம் என்றாகிவிடும். மின்விசிறி கூரையில் தொங்குகிறது, அதன் இறக்கையில் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. வங்கி அறிக்கையை வாசிக்கத் தெரியாதவரும் தணிக்கை செய்யக்கூடிய நன்கொடை அது. இதன் குறையும் இதே இடத்தில்தான் இருக்கிறது. கண்ணில் படுவதற்கே ஆள் கிடைக்கும். கழிவறையைக் கழுவுபவருக்கு மாதச் சம்பளத்தை யாரும் தாம்பாளத்தில் வைத்து ஊர்வலம் கொண்டுபோக முடியாது. நான்காவது பீரோவைச் சுலபமாகக் கொண்டுபோகலாம்.

செலவு

கழகப் பணத்தின் பெரும்பகுதி நெடுங்காலமாக ஆட்களுக்கே போயிருக்கிறது. காலிப் பணியிடத்தில் கழகம் சம்பளம் கொடுத்து வைத்த பி.டி.ஏ. டீச்சரிடம் கணக்கோ இயற்பியலோ படித்தவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். கோடை விடுமுறைக்குச் சம்பளம் இல்லை. நிரந்தர ஆசிரியர் வந்துவிட்டால் மறுநாள் வேலை இல்லை. 2022-இல் அரசு மாநிலம் முழுவதும் 13,331 காலியிடங்களை மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்ப உத்தரவிட்டு, இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் எனத் தொகுப்பூதியம் அறிவித்தது. இது நீதிமன்றத்துக்குப் போனபின் விதிமுறைகள் திருத்தப்பட்டன. ஊதியமும் பின்னர் 12,000, 15,000, 18,000 என உயர்ந்தது. இங்கே பணம் அரசுடையது, தேர்வு மட்டும் குழுவுடையது. ஊரார் பணத்தில் ஆசிரியர் வைப்பதைவிட இது மேல் என்றாலும், ஆசிரியரை நியமிக்கும் பொறுப்பைப் பெற்றோர் மடியில் இறக்கிவைத்த வேலை என்ற குற்றச்சாட்டில் நியாயம் இல்லாமல் இல்லை.

மற்றவை சில்லறைச் செலவுகள்: இரவுக் காவலருக்குக் கொடுப்பது, மோட்டார் பழுது, பொதுத்தேர்வு எழுதுவோரின் மாலை வகுப்புக்குச் சுண்டலும் தேநீரும், ஆண்டு விழாவுக்குப் பந்தலும் மைக் செட்டும்.

கண்காணிப்பு

கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவதும், அரசிடமிருந்தோ ஊராட்சியிடமிருந்தோ வேறு எவரிடமிருந்தோ வந்த பணம் எப்படிச் செலவானது என்று பார்ப்பதும் அதன் கடமை. 'வேறு எவரிடமிருந்தோ' என்பதைக் கவனிக்க வேண்டும்: கழகம் திரட்டிப் பள்ளிக்குத் தந்த காசையும் குழு கேள்வி கேட்கலாம் என்று இதற்குப் பொருள்கொள்ள இடம் இருக்கிறது. தனியார் சுயநிதிப் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

2022-இல் தமிழகம் குழுக்களை இருபது உறுப்பினரோடு மாற்றியமைத்தது. தலைவராகத் தாய் ஒருவரே வர வேண்டும் என்றது. கூட்டத் தீர்மானங்கள் கைப்பேசிச் செயலியில் ஏறுகின்றன. ஊராட்சி செய்ய வேண்டியவை கிராம சபைக்குப் போகின்றன. செலவுக்கு ரசீது, தீர்மானம், பயன்பாட்டுச் சான்று மூன்றும் வேண்டும். நடைமுறையில் இவற்றை எழுதுவது தலைமை ஆசிரியர். நூறுநாள் வேலையை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை பிற்பகல் கூட்டத்துக்கு வரும் தலைவி கையெழுத்திடும் முன் எதைப் படிக்கிறார் என்பது ஆளைப் பொறுத்தது. வாய்விட்டுக் கணக்கை வாசிக்கும் தலைமை ஆசிரியர் இருக்கும் பள்ளியில் அடுத்த கூட்டத்துக்கு ஆள் கூடுதலாக வருகிறார்கள் என்பது ஆசிரியர்களே சொல்வது.

2024-இல் நடந்த அடுத்த மறுகட்டமைப்பில் உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது. முன்னாள் மாணவர்களுக்கு அதில் இடம் ஒதுக்கப்பட்டது. யாழ்ப்பாணப் பள்ளிகளுக்கு லண்டனிலும் டொராண்டோவிலும் உள்ள பழைய மாணவர் சங்கங்கள் கட்டடமே கட்டித் தருவதைப் பார்க்கும்போது இந்த மாற்றத்தின் நோக்கம் புரிகிறது. வல்லத்துப் பழைய மாணவர்களில் பலர் பிழைப்புக்குப் போயிருப்பது சென்னைக்கும் புதுச்சேரிக்கும். பொங்கலுக்கு ஊர் திரும்பும் அவர்களை வைத்துத்தான் பல தலைமை ஆசிரியர்கள் சனவரி மாதத்தில் முன்னாள் மாணவர் கூட்டத்துக்கு நாள் குறிக்கிறார்கள்.