கொலைப் பட்டியலும் சட்டத்தின் எல்லையும்

அரசொன்று தன் பகைவரைக் கொல்வது வரலாற்றிற் புதிதன்று. ஆயின், கொல்லப்படவேண்டியோரின் பெயர்களை நிரைப்படுத்தி எழுதி, அவ்வெழுத்தையே தீர்ப்பாகக் கொள்ளும் முறை தனித்து ஆராயத்தக்கதாகும். விசாரணையின் இடத்தைப் பட்டியல் பெற்றுவிடும் இம்முறையின் பழைய வடிவத்தை உரோமிலும், அண்மைக்கால வடிவத்தைப் பயங்கரவாத ஒழிப்பின் பெயரால் ஐக்கிய அமெரிக்கா மேற்கொண்ட நடவடிக்கைகளிலும் காணலாம்.

கி.மு. 82 ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போரில் வென்று உரோமைக் கைப்பற்றிய சுல்லா, தன் எதிரிகளை வரையறையின்றிக் கொல்விக்கத் தொடங்கினான். புளூட்டாக் தரும் செய்தியின்படி, செனற் சபையில் இளைஞனொருவன் எழுந்து, தண்டிக்கப்படவுள்ளோர் யாவர் என்பதை அறிவித்து ஏனையோரின் ஐயத்தையேனும் நீக்குமாறு அவனை வேண்டினான். அதன் பின்னரே 80 பெயர்கள் கொண்ட முதற் பட்டியல் வெளிவந்தது. ஒரு நாள் கழிய மேலும் 220 பெயர்களும், மறுநாள் ஏறக்குறைய அதே தொகையும் சேர்க்கப்பட்டன. கொன்றவனுக்கு இரண்டு தலந்து வெகுமதி. புகலிடம் அளித்தவனுக்கு மரணம். இறந்தோரின் சொத்துக்கள் பறிமுதலாயின. அவர்தம் மைந்தரும் பேரரும் உரிமை இழந்தனர். அரசியலில் ஈடுபடாத குவின்ரஸ் அவுரேலியஸ் என்பவன் பொதுச் சதுக்கத்திற் பட்டியலைப் படிக்கையில் அதில் தன் பெயரையே கண்டான். அல்பாவிலிருந்த தன் பண்ணையே தனக்குக் கூற்றாயிற்றென நொந்துகொண்ட அவன், சிறிது தூரம் செல்வதற்குள் கொல்லப்பட்டான்.

ஈண்டு நோக்கற்பாலது யாதெனின், கொலைக்கு ஓர் எல்லை காணும் பொருட்டே பட்டியல் கேட்கப்பட்டது என்பதாகும். எழுதப்பட்ட பின்னரோ, பட்டியலே கொலையைப் பெருக்கும் கருவியாயிற்று. கி.மு. 43 இல் மூவராட்சியினர் இதே முறையை மீண்டும் கைக்கொண்டபோது சிசரோ அதற்குப் பலியானார்.

இருபதாம் நூற்றாண்டிற் பட்டியல் அலுவலகக் கோப்பாக மாறியது. 1967 இல் தென் வியட்னாமிலே தொடங்கப்பட்ட பீனிக்ஸ் திட்டம், வியட்கொங் இயக்கத்தின் மறைமுக நிருவாகத்தைச் சேர்ந்தோரைத் தனித்தனியே இனங்கண்டு, சரணடையச் செய்தோ, சிறைப்பிடித்தோ, கொன்றோ செயலிழக்கச் செய்வதை நோக்கமாகக் கொண்டது. இத்தனை பேர் எனத் தொகையும் முன்கூட்டியே விதிக்கப்பட்டது. 1971 இல் கொங்கிரஸ் குழுவொன்றின் முன் சாட்சியமளித்த வில்லியம் கோல்பி, 20,587 பேர் கொல்லப்பட்டனர் எனவும், அவருட் பெரும்பாலோர் படை மோதல்களில் இறந்தவர்களே எனவும் கூறினார். தொகையை நிறைவேற்றும் அவசரத்திலும் தனிப்பகையிலும் குற்றமற்றோர் சிக்கினர் என்ற குற்றச்சாட்டு அக்காலத்திலேயே எழுந்தது.

1975 இல் செனற் சபையின் சேர்ச் குழு, பிடல் காஸ்ட்ரோ முதலான வெளிநாட்டுத் தலைவர்களைக் கொல்லத் தீட்டப்பட்ட சதிகளை அம்பலப்படுத்தியது. அதனையடுத்து 1976 இல் சனாதிபதி போர்ட் அரசியற் கொலையைத் தடைசெய்து கட்டளை பிறப்பித்தார். 1981 இல் ரேகனின் கட்டளையும் தடையை நிலைநிறுத்தியது. எனினும், தடைசெய்யப்பட்ட கொலை எது என்பதை இக்கட்டளைகள் வரையறுக்கவில்லை. 2001 செப்டெம்பர் 11 தாக்குதல்களின் பின்னர் அவ்விடைவெளி பெருவழியாயிற்று. போரிற் பகைவனைக் கொல்வது தடைக்கு உட்பட்ட கொலையன்று என வாதிடப்பட்டது. 2002 நவம்பரில் யெமனில் ஆளில்லா விமானத் தாக்குதலில் அறுவர் இறந்தனர். போர்க்களம் எது என்ற கேள்வி அன்று முதல் விடையின்றி நின்றது. பட்டியலிற் சேர்க்கப்படும் பெயர்களுக்குச் சனாதிபதி ஒபாமா நேரில் அங்கீகாரம் வழங்குவது 2012 இல் பத்திரிகைகள் வாயிலாக வெளியாயிற்று.

அமெரிக்கக் குடிமகனான அன்வர் அல் அவ்லாக்கியின் வழக்கு இம்முறையின் உட்பொருளைத் தெளிவாக்குகின்றது. மகனின் பெயர் பட்டியலில் இருப்பதாகச் செய்தி வெளிவந்ததும் தந்தை நீதிமன்றத்தை நாடினார். வெளிநாட்டிலுள்ள குடிமகனின் உரையாடலை ஒட்டுக்கேட்க நீதிமன்ற அனுமதி தேவையாயிருக்க, அவனைக் கொல்வதற்கு மட்டும் அது எவ்வாறு தேவையற்றதாகும் என நீதிபதியே வினவினார். எனினும், தந்தைக்கு வழக்காடும் தகுதியில்லை எனவும், விடயம் நீதிமன்ற ஆய்வுக்கு அப்பாற்பட்டது எனவும் கூறி, 2010 டிசெம்பரில் வழக்கைத் தள்ளுபடி செய்தார். 2011 செப்டெம்பர் 30 இல் மகன் கொல்லப்பட்டான். இரு வாரங்களின் பின் 16 வயதான பேரனும் மற்றொரு தாக்குதலில் இறந்தான். அச்சிறுவன் குறிவைக்கப்படவில்லை என 2013 இல் அரசு அறிவித்தது.

பகிரங்க விசாரணைக்குக் கொண்டுவர இயலாத கொடியோரிடமிருந்து மக்களைக் காக்க வேறு வழியில்லை என்பது அரசுகளின் வாதமாகும். அதனை முற்றாகப் புறக்கணித்தல் எளிதன்று. படுகொலைகளைத் திட்டமிட்டோரும் அப்பட்டியல்களில் இருந்தனர். ஆயின், யார் கொடியவன் என்பதே விசாரணை தீர்க்கவேண்டிய வினாவன்றோ? 2013 இல் வகுக்கப்பட்ட விதிமுறைகளும், உரோம இளைஞனின் வேண்டுகோளைப் போலவே, கொலைக்கு எல்லை காணும் முயற்சிகளே. அவ்வெல்லையை வகுத்ததும் காத்ததும் கொல்லும் அதிகாரம் பெற்றிருந்த தரப்பேயாம். சுல்லாவின் பட்டியல் சதுக்கத்திலே தொங்கியது. அவுரேலியஸ் தன் பெயரையேனும் படிக்க முடிந்தது. இக்காலப் பட்டியலில் இடம்பெற்றவனுக்கு அதுவும் வாய்ப்பதில்லை. தன்மீது சாட்டப்பட்ட குற்றத்தை அறிந்து மறுமொழி கூறும் உரிமையே சட்டத்தின் அடித்தளம் எனின், உரோம் முதல் இன்றுவரை பட்டியல் முதலில் அழிப்பது அவ்வுரிமையையே எனலாம்.