சின்தசைசர் வாசிக்கப் பாரமான கட்டைகள் தேவையா?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பிள்ளை கீபோர்ட் பழகும் வீட்டுக்கு, கனடாவில் இருக்கும் மாமா அழைப்பெடுப்பார்: "வரேக்கை ஒரு கீபோர்ட் கொண்டு வாறன். எது வேணும்?" வழமையான பதில், "88 கட்டை, வெயிட்டட்." கடல் கடந்து வந்த பொருளைத் திருப்பிக் கொடுப்பது இலகுவல்ல. ஆகவே முதலில் கேட்க வேண்டியது: பிள்ளை வாசிக்கப்போவது பியானோவா, சின்தசைசர் ஒலிகளா?

பெரும்பாலான மிடி கொன்ட்ரோலர்களுக்குள் ஒலி இல்லை. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்ற தகவலைக் கணினிக்கோ சின்தசைசருக்கோ அனுப்புவதே அவற்றின் வேலை. 1983இல் அறிமுகமான மிடி முறை அந்த வேகத்தை 1 முதல் 127 வரை அளக்கிறது. ஸ்பீக்கரை மட்டும் இணைத்தால் எதுவும் கேட்காது.

கட்டைகள் மூன்று வகை:

ஹமர் அக்ஷன்: பியானோவின் சுத்தியலைப் போன்ற பாரம். பியானோப் பரீட்சைக்குப் பழகுவோருக்கு இதுவே பொருத்தம்.

செமி வெயிட்டட்: ஸ்பிரிங்குடன் சிறிது பாரம். சின்தசைசர், ஓர்கன், வயலின் ஒலிகளுக்குப் பெரும்பாலும் இது போதும்.

சின்த் அக்ஷன்: ஸ்பிரிங் மட்டும். வேகமான வாசிப்புக்கு நல்லது. விலையும் எடையும் குறைவு.

சின்தசைசர் ஒலிக்குப் பாரத்தைவிட முக்கியமானவை இரண்டு. ஒன்று, சுருதியை வளைக்கும் பிட்ச் பென்ட். நாதஸ்வரம், புல்லாங்குழல் ஒலிகளில் கமகம் கொண்டுவர இது வேண்டும். மற்றது ஆஃப்டர்டச், அழுத்திய கட்டையை மேலும் அழுத்தி ஒலியை மாற்றும் வசதி.

விலை கூடியதில் எல்லாம் இருக்கும் என்று எண்ண வேண்டாம். பியானோ வாசிப்போருக்காகச் செய்யப்பட்ட கவாய் விபிசி1 ஏறத்தாழ 30 கிலோ. அதில் பிட்ச் பென்ட் சில்லே இல்லை. செமி வெயிட்டட் வகையான ஆர்ட்டூரியா கீலேப் 61 மார்க் 2இல் இரண்டு வசதிகளும் உண்டு. பியானோவும் சின்தசைசரும் வேண்டுமென்றால், ஹமர் அக்ஷனுடன் ஆஃப்டர்டச்சும் உள்ள ஸ்டூடியோலொஜிக் எஸ்எல்88 ஸ்டூடியோ போன்றதைப் பார்க்கலாம்.

மின்தூக்கி இல்லாத மாடிவீட்டில் எடையும் ஒரு கணக்குத்தான். 2022இன் மின்வெட்டை மறக்காதவர்கள், யூஎஸ்பி வழியாகவே மின்சாரம் பெறும் மொடலா என்றும் கேளுங்கள். மடிக்கணினியில் சார்ஜ் இருக்கும்வரை ஹெட்போனில் வாசிக்கலாம்.

பாவித்ததை வாங்கினால், கணினியில் இணைத்து ஒவ்வொரு கட்டையையும் மெதுவாகவும் பலமாகவும் அழுத்திப் பாருங்கள். பிட்ச் பென்டை விட்டதும் சுருதி சரியான இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

இனி மாமாவுக்குச் சொல்லலாம்: பியானோவுக்கு 88 கட்டை ஹமர், சின்தசைசருக்கு 61 கட்டை செமி வெயிட்டட், பிட்ச் பென்டும் ஆஃப்டர்டச்சும் இருக்க வேண்டும்.