மண்ணெண்ணெயில் ஓடிய கார்களும் வார்த்தெடுத்த உறுப்புகளும்



யாழ்ப்பாணத்து வீதிகளில் இன்றும் இடைக்கிடை ஒரு மொறிஸ் மைனரையோ ஒஸ்ரின் ஏ 40 காரையோ காணலாம். கலியாணத்துக்குப் பூமாலை சூட்டிக் கொண்டுவரும்போது அவற்றை நின்று பார்க்கிறோம். அவை இத்தனை காலம் எவ்வாறு உயிர் தரித்தன என்று கேட்பார் அரியர். விடை தேடப் புகுந்தால், எந்திரத்தைச் சற்றே ஒதுக்கிவைத்துப் பெருவிரல் அளவான ஓர் இறப்பர்த் துண்டின் வரலாற்றையும் சொல்லவேண்டி வரும்.

மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டில் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த அவ்வண்டி 1971 வரை, 16 இலட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் செய்யப்பட்டது. ஏ 40 வரிசையிலே சமர்செற் என்ற வகை 1952 முதல் 1954 வரை வெளிவந்தது. உத்தியோகத்தரும் வைத்தியரும் மலாயாவில் உழைத்து இளைப்பாறியோரும் இவற்றை விரும்பி வாங்கினர். 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதன்பின் பழையதைப் பேணுவதன்றி வேறு வழி இருக்கவில்லை. தந்தையின் கார் மகனுக்காயிற்று. மகன் விற்க, அது வாடகைக் காராயிற்று.

1990 ஜூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டது. வடக்கின்மேல் பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோல் துளிக்கணக்கில் எண்ணப்படும் பொருளாயிற்று. அந்நாளில் இளைஞனாயிருந்த நான் அவ்வண்டிகளின் புகைமணத்தை இன்றும் மறந்தேனல்லேன். காபரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு எந்திரத்தை எழுப்புவார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புதிய யப்பானிய எந்திரங்கள் இதற்கு எளிதில் இணங்கவில்லை. ஒஸ்ரினும் மொறிசும் இணங்கின. அவற்றின் எந்திரங்களில் அமுக்க விகிதம் குறைவு. ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று. தரக்குறைவான எரிபொருளையும் அவை தட்டாமல் ஏற்றன. ஆனால் எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் உள்ளே இறங்கி எந்திர எண்ணெயை நீர்க்கச் செய்தது. ஒழுகிப் பட்ட இடத்து இறப்பரை ஊதவும் இளகவும் வைத்தது.

இதில் ஒரு விந்தை உண்டு. 1876இல் இறப்பர் நாற்றுகள் வந்து நடப்பட்டது இத்தீவின் ஹெனரத்கொடைத் தோட்டத்திலேதான். எனினும் நம் காரின் இறப்பர் உறுப்புகள் இங்கிலாந்திலிருந்தே வரவேண்டியிருந்தன. அவ்வழி அடைபட்டபோது, தேய்ந்த ரயரை வெட்டிக் குடைந்து புஸ் செய்வதே கராச்சுகளின் வித்தையாயிற்று. வில்லுத் தகடு சட்டத்தோடு சேருமிடத்தில் அதிர்ச்சியைத் தாங்குவது அந்தப் புஸ். அது அழிந்தால் இரும்பும் இரும்பும் உரசும். வண்டி தன் பாதையில் நில்லாது.

பழைய காரைப் புதுப்பிப்போர் இன்று உலகெங்கும் கையாளும் பொருள் பொலியூரித்தேன். ஜேர்மனியில் ஒட்டோ பேயர் 1937இல் கண்ட வழியில் பிறந்தது அது. இரு திரவங்களை உரிய அளவில் நிறுத்துக் கலந்து அச்சில் ஊற்றினால், இறுகி இறப்பர் போலாகும். எண்ணெயையும் தேய்வையும் இயற்கை இறப்பரினும் நன்கு தாங்கும். பழைய உறுப்பைச் சுற்றிச் சிலிக்கோன் இறப்பரை ஊற்றி அச்செடுப்பது வழக்கம். செலவு பெரிதன்று, பொறுமைதான் பெரிது.

தேய்ந்ததை அச்செடுத்தால் தேய்வும் அச்சில் வந்துவிடும். நீள்வட்டமாய்ப் போன துளையிலிருந்து வட்டத் துளை பிறவாது. ஆகவே நல்ல கைவினைஞர் முதலில் குறைவாகத் தேய்ந்த பக்கத்து உறுப்பைத் தேடுவர். குறையை மெழுகால் நிரப்பி, ஆணியையும் குழாயையும் அளந்து உருவத்தைத் திருத்திய பின்னரே அச்செடுப்பர். நம் நாட்டுக் காற்றும் ஒரு பகை. திரவத்தில் ஒன்றான ஐசோசயனேற்று ஈரத்தைக் கண்டால் கரியமில வாயுவை வெளியிடும், வார்ப்பெல்லாம் குமிழியாகும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் இவ்வேலையைத் தொடாதிருப்பது நன்று. கடினமும் பார்க்கவேண்டும். ஷோர் ஏ என்னும் அளவில் 70 முதல் 95 வரை உள்ளவை புஸ்களுக்கு ஏற்றவை. மிகக் கடினமானதை எந்திரத் தாங்கிக்கு இட்டால், எந்திரத்தின் நடுக்கமெல்லாம் இருப்பவர் முதுகில் ஏறும். தடையில் இயங்கும் இறப்பர் வளையங்களை மட்டும் ஒருபோதும் இவ்வாறு வார்க்கலாகாது. தடைத் திரவம் பொலியூரித்தேனைக் கெடுக்கும். அங்கே பிழைத்தால் உயிர் போகும்.

தெற்கிலே வேறொரு கதை நடந்தது. 1990களில் இலங்கையில் செய்த மொறிஸ் மைனர் உறுப்புகள் இங்கிலாந்தின் பாத் நகரத்து மொறிஸ் மைனர் நிலையத்துக்கு ஏற்றுமதியாயின. பிறந்த வீட்டுக்கே சீர் அனுப்பியது போல! அதே ஆண்டுகளில், அதே தீவின் வடமுனையில், அதே காருக்கு ரயர்த் துண்டு வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

புதிய புஸ்ஸை மாட்டியதும் பழைய ரயர்த் துண்டைக் குப்பையில் எறிவது இப்போதைய வழக்கம். கார் தொழிற்சாலையை விட்டு வந்த கோலத்துக்கு மீளவேண்டும் என்பது புதுப்பிப்போர் விருப்பம். அது நியாயமே. ஆயினும் தொழிற்சாலைக் கோலத்துக்கு இங்கிலாந்தில் ஏடுகளும் படங்களும் உண்டு. முற்றுகைக்கால யாழ்ப்பாணத்துக் கோலத்துக்கு அந்த ரயர்த் துண்டையன்றி எழுத்துச் சான்று மிகச் சிலவே. 1990களில் கத்தி பிடித்தவர்கள் முதுமை எய்தி வருகிறார்கள். காரைப் புதுப்பிக்கும் அன்பர்கள் கழற்றிய துண்டை ஒரு பேணியில் இட்டு, எந்தக் கார், எந்தப் பக்கம், எந்த ஆண்டில் வெட்டியது, வெட்டியவர் எந்த ஊரார் என நான்கு வரி எழுதி உடன் வைப்பார்களாக. பள்ளிக்கூடத்துக் காட்சி அலுமாரிகளில் அவற்றுக்கு இடமுண்டு.