நோபிலிசிமா விசியோனே

நோபிலிசிமா விசியோனே என்பது ஜெர்மானிய இசையமைப்பாளர் பால் ஹிண்டமித் (1895–1963) 1938-இல் உருவாக்கிய ஆர்க்கெஸ்ட்ரா இசைத்தொகுப்பு. அசிசி நகரின் புனித பிரான்சிஸைப் பற்றி இதே பெயரில் அமைந்த பாலேவுக்குத் தாம் எழுதிய இசையிலிருந்து அவரே இதைத் தொகுத்தார். மூன்று பகுதிகள் கொண்ட இத்தொகுப்பை வாசிக்க ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆகும்.

தோற்றம்

1937-இல் பிளாரன்ஸ் நகரின் சாந்தா குரோச்சே தேவாலயத்தில், ஜோட்டோ தீட்டிய பிரான்சிஸ் வரலாற்றுச் சுவரோவியங்களை ஹிண்டமித் கண்டார். துணி வணிகரின் மகனான பிரான்சிஸ், ஊரார் முன்னிலையில் உடுத்திய உடையையும் களைந்து தந்தையிடம் கொடுத்துவிட்டு நிற்கும் காட்சி அவற்றில் ஒன்று. ஓவியங்களில் மனம் பறிகொடுத்த ஹிண்டமித், அப்போது அந்நகரில் இருந்த நடன அமைப்பாளர் லியோனித் மாசினிடம் பிரான்சிஸின் கதையைப் பாலேவாக்கலாம் என்றார். முதலில் தயங்கிய மாசின் பின்னர் இசைந்தார்.

பாலே 1938 ஜூலை 21 அன்று லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் ஹிண்டமித்தின் இசை நடத்துகையில் அரங்கேறியது. பிரான்சிஸாக மாசினே ஆடினார். அதே ஆண்டு செப்டம்பரில் இசைத்தொகுப்பு வெனிஸில் முதன்முறை ஒலித்தது. ஜெர்மனியில் நாஜி அரசு 1936-லேயே ஹிண்டமித்தின் இசைக்குத் தடை விதித்திருந்தது. 1938 மே மாதம் டியூசல்டோர்ஃபில் நடந்த 'சீரழிந்த இசை' கண்காட்சியிலும் அவரை இழிவுபடுத்தியது. அவ்வாண்டே அவர் சுவிட்சர்லாந்தில் குடியேறினார்.

அமைப்பு

இத்தொகுப்பு பிரான்சிஸின் வாழ்க்கையைப் பிறப்பு முதல் இறப்பு வரை வரிசையாகச் சொல்வதில்லை. அவருடைய மனம் திரும்பிய கட்டங்களையே எடுத்துக்கொள்கிறது. 'அறிமுகமும் ரோண்டோவும்' என்ற முதல் பகுதி அவருடைய ஆழ்ந்த தியானத்தில் தொடங்குகிறது. அடுத்து வரும் ரோண்டோ, 'வறுமை' என்னும் பெண்ணை அவர் மணக்கும் காட்சிக்குரியது. அத்திருமண விருந்தில் காய்ந்த ரொட்டியும் தண்ணீரும் மட்டுமே உண்டு. ஆயினும் விருந்தினரின் நிறைவும் மகிழ்ச்சியும் இசையில் தெளிவாகக் கேட்கின்றன.

இரண்டாம் பகுதி 'அணிவகுப்பும் மேய்ச்சல்நில இசையும்'. தொலைவில் மெல்லக் கேட்கும் கூலிப்படையின் நடை நெருங்க நெருங்க வலுக்கிறது. வழிப்போக்கர் ஒருவரை அப்படையினர் தாக்கிக் கொள்ளையடிக்கும் கொடுமை நடுவில் வெடிக்கிறது. அதன்பின் வரும் அமைதியான இசையில் கற்பு, கீழ்ப்படிதல், வறுமை ஆகிய மூன்றும் பெண் வடிவில் பிரான்சிஸுக்குத் தோன்றுகின்றன.

இறுதிப் பகுதி பாசகாலியா. ஒரே கருப்பொருள் திரும்பத் திரும்ப ஒலிக்க, அதைச் சூழ்ந்த இசை மாறிக்கொண்டே செல்லும் பழைய வடிவம் இது. பித்தளைக் காற்றுக் கருவிகள் ஆறு தாள அளவுகள் கொண்ட கருப்பொருளை முழங்க, அது வேறுபாடு மேல் வேறுபாடாக வளர்கிறது. சூரியனையும் நிலவையும் உடன்பிறப்புகளாக அழைத்து இறைவனைப் போற்றும் பிரான்சிஸின் 'கதிரவன் பாடல்' இதற்கு அடிப்படை.

சிறப்பு

இன்று பாலேவைவிட இசைத்தொகுப்பே அதிகம் வாசிக்கப்படுகிறது. கணக்கும் கட்டுக்கோப்புமாக எழுதுபவர் என்று பெயர்பெற்ற ஹிண்டமித்திடம் எவ்வளவு கனிவும் பக்தியும் இருந்தன என்பதற்கு இதுவே சிறந்த சான்று. அவர் பிடிவாதமாகக் கடைப்பிடித்த இலக்கணமே பாசகாலியாவில் துதியாக உயர்கிறது.